தலைக்கணக்கு

செவ்வாய்க்கிழமை, மூன்றாம் பாடவேளை.
மணி அடித்ததும் எங்கள் வகுப்பு
மொழிவாரியாகப் பிரியும்.
சீனத்துக்கு இருபத்திரண்டு பேர், அவர்களுக்கு அதே அறை.
மலாய்க்கு ஒன்பது பேர், இரண்டாம் மாடிக்கு.
தமிழுக்கு நாங்கள் ஐவர்,
பக்கத்து வகுப்பு எழுவரோடு சேர்ந்து
அறிவியல் கூடத்துக்குப் பின்னால் ஒரு குட்டி அறைக்கு.
அங்கே குளிர்சாதனம் ஒரு பக்கம்தான் வீசும்.
யாழிசை ஸ்வெட்டர் போட்டிருப்பாள்,
ஹாஜா மைதீன் அட்டையால் விசிறிக்கொண்டிருப்பான்,
ஜோகூரிலிருந்து நாலு மணிக்கே எழுந்து
கடற்பாலம் தாண்டி வரும் முகிலன்
கண்ணைத் திறந்தபடியே தூங்குவான்.

மிச்சம் இரண்டு பேர்.
ஹர்லீனுக்குப் பஞ்சாபி சனிக்கிழமையில், வேறு இடத்தில்.
தின்சாருக்கு எந்த அறையும் இல்லை,
யங்கோனிலிருந்து வந்து ஒன்றரை ஆண்டு,
தாய்மொழிப் பாடத்திலிருந்து விலக்கு.
இருவரும் நூலகத்தில் இருப்பார்கள்.
அன்று ஹர்லீனுக்குக் காய்ச்சல்.

கண்மணி டீச்சர் பலகையில் எழுதினார்: எச்சம்.
வந்து, நின்று, பார்த்து...
"முடிஞ்சிடுச்சா?" என்றார்.
"இல்ல டீச்சர், இன்னொரு சொல் வரணும்."
"வரலன்னா?"
யாரோ "தொங்கிட்டே நிக்கும்" என்றார்கள்.
சிரித்து முடிப்பதற்குள் தீயணைப்புப் பயிற்சி மணி.

வரிசையாக இறங்கினோம். திடலில்
நேற்றைய மழை இன்னும் புல்லுக்கடியில்.
வெள்ளைக் காலணி எல்லாம் அரைமணியில் மண்நிறம்.
தூரத்தில் எம்ஆர்டி, அதற்கும் அப்பால்
உட்லண்ட்ஸ் புளோக்குகளில் உலர்கிற துணிகள்.
இருபத்திரண்டு, சரி என்று பச்சை அட்டை உயர்ந்தது.
ஒன்பது, சரி.
பன்னிரண்டு, சரி.
தலைமையாசிரியர் ஒலிபெருக்கியில்
நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி என்றார்,
வட்டாரத்திலேயே வேகமாம்.
கைதட்டினோம்.

நான் வகுப்புத் தலைவி. எண்ணுவது எனக்கு வியாதி.
பேருந்தில் எண்ணுவேன், கேண்டீன் வரிசையில் எண்ணுவேன்.
முப்பத்தெட்டில் ஹர்லீன் போக முப்பத்தேழு.
என் முன்னால் நின்றது முப்பத்தாறு.
இன்னொரு முறை. முப்பத்தாறுதான்.

"மிஸ், ஒருத்தர் குறையுது."
மிஸ் கோ பட்டியலைக் காட்டினார்.
பட்டியலில் யாரும் குறையவில்லை.
மூன்று பட்டியல், மூன்றும் சரி,
அவள் மூன்றிலும் இல்லை.

எனக்கு வயிற்றில் ஏதோ புரண்டது.
நிஜ நெருப்பாக இருந்திருந்தால்
இந்தக் கைதட்டலுக்கு நடுவில்தானே
நூலகம் எரிந்திருக்கும்?
ஓடலாமா என்று திரும்பியபோது பார்த்தேன்.

வாயிலோரம் ஒரு பலகை, நான்கு மொழியிலும்: மற்றவர்கள்.
அதன்கீழ் மீ கடை அங்கிள், கையில் கரண்டியோடு.
துப்புரவு ஆன்ட்டி இருவர்.
காவலர். ஒளிநகல் இயந்திரம் பழுதுபார்க்க வந்தவர்.
அவர்களுக்கு நடுவில் தின்சார்,
கக்கத்தில் பாதி படித்த புத்தகம்,
பக்கம் தவறாமலிருக்க விரல் உள்ளே.

மணி அடித்ததுமே வந்துவிட்டாளாம்,
எங்கள் எல்லாருக்கும் முன்னால்.
"எந்த வரிசைன்னு தெரியல" என்றாள் ஆங்கிலத்தில்.
"இந்த போர்டு காலியா இருந்துச்சு."
அங்கிள் அவளுக்கு ஒரு மீன் உருண்டை கொடுத்திருந்தார்,
அதையும் தின்று முடித்திருந்தாள்.

நான் கோபப்பட்டேன், ஏனென்று தெரியாமல்.
அவள் மன்னிப்பு வேறு கேட்டாள்.

அடுத்த செவ்வாய்
குட்டி அறையில் பதின்மூன்று நாற்காலி.
யார் போட்டதென்று யாரும் கேட்கவில்லை.
குளிர்காற்று வீசும் பக்கம் அமர்ந்து
தின்சார் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.
யாழிசையின் ஸ்வெட்டரில் ஒரு கை அவளுக்கு.

டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திறந்தார்.
முகிலன். "உள்ளேன்."
யாழிசை. "உள்ளேன்."
ஹாஜா மைதீன்.
அவன் கழிவறையில் இருந்தான்.
ஒரு நொடி அமைதி. பிறகு,
புத்தகத்திலிருந்து தலை நிமிராமல்,
எங்களைக் கேட்டுக் கேட்டுப் பழகிய குரலில்,
ளகரம் கொஞ்சம் வழுக்க,
"உள்ளேன்" என்றாள் தின்சார்.

டீச்சரும் நிமிரவில்லை. சரி போட்டார்.
பன்னிரண்டு என்று கீழே எழுதினார்.
கணக்கு அன்றும் தப்புதான்.
நான் கையைத் தூக்கவில்லை.